நெஞ்சின் மேல் இரண்டு கை

ஜூலை 7, திங்கள்

காலை ஏழுக்கே புழுக்கம். ஆடி பிறக்க இன்னும் பத்து நாள். காற்றைக் காணோம்.

வேலை: ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாய் தூர் வாருவது. வந்தவர்கள் 38 பேர். வருகைப் பதிவு ஆப்பில் காலை போட்டோ ஏற அரை மணி நேரம். சிக்னல் வேண்டுமென்றால் கரை மேல் ஏறி நிற்க வேண்டும்.

முனியம்மா விழுந்த அன்றைக்கு நின்ற வேலை, இன்றுதான் மறுபடி தொடக்கம். நேற்று அவளுக்குக் காரியம் முடிந்தது. பேர் வாசிக்கும்போது பழக்க தோஷத்தில் அவள் பேரையும் வாசித்துவிட்டேன். கன்னியம்மா மட்டும் மண்வெட்டியால் தரையை ஒரு தட்டு தட்டினாள். அடுத்த பேருக்குப் போனேன்.

இதுவரை எழுதாததை எழுதிவிடுகிறேன். ஜூன் 20, காலை பதினோரு மணி இருக்கும். மண் கூடையைத் தூக்க முனியம்மா குனிந்தாள். அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். கண் திறந்திருந்தது. வாய் மீன் மாதிரி திறந்து திறந்து மூடியது. தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம். நிற்கும், மறுபடி வரும். யாரோ “வலிப்புடி, இரும்ப குடு” என்றார்கள். நூறு நாள் வேலையில் இந்த இடத்துக்குப் பொறுப்பாளர் நான். வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடி, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். துண்டால் விசிறினேன். ஆட்டோ வர இருபது நிமிடம். உயிர் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

இன்று சாயங்காலம் பி.பி. மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையம் போனேன். நர்ஸ் கலைவாணி விவரம் கேட்டார். சொன்னேன்.

“மூச்சு எப்படி வந்துச்சு? செஞ்சு காட்டு.”

அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினேன். சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“எஸ்தர், அது ஃபிட்ஸ் இல்ல. அது மூச்சும் இல்ல. நெஞ்சு நின்னு போனதுக்கு அப்பறம் உடம்பு அப்படி இழுக்கும். அந்த நேரத்துல நெஞ்ச அமுக்கணும்.”

“அமுக்கியிருந்தா பொழைச்சிருக்குமா?”

“தெரியாது. ஆனா வாய்ப்பு இருந்திருக்கும்.”

சனிக்கிழமை கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சியாம். என்னையும் வரச் சொன்னார். வருகிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போது கைப்பைக்குள் சாவிக்கொத்து கிணுகிணு என்று ஆடிக்கொண்டே வந்தது. எடுத்துப் புடவை முந்தியில் இறுக முடிந்துகொண்டேன்.

ஜூலை 12, சனி

பயிற்சி முடிந்தது. மறப்பதற்குள்:

– முதலில் சுற்றிலும் பார். கரண்ட் ஒயர், வண்டி, பாம்பு. நமக்கு ஆபத்து இல்லை என்றால் கிட்டே போ.
– இரண்டு தோளையும் தட்டி, சத்தமாகக் கூப்பிடு.
– அசைவில்லை, மூச்சு சரியில்லை (குறட்டை மாதிரி விட்டு விட்டு இழுப்பது மூச்சுக் கணக்கில் சேராது) என்றால் 108. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வை.
– கெட்டியான தரை. கயிற்றுக் கட்டில் கூடாது.
– நெஞ்சின் நடு எலும்பு, அதன் கீழ்ப்பாதி. ஒரு கையின் அடி உள்ளங்கை, அதன் மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடு.
– நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது.
– வாயில் தண்ணீர், சோடா, எதுவும் ஊற்றக் கூடாது. இரும்பு கூடாது.

(கடைசி வரியை நர்ஸ் என்னைப் பார்க்காமல் சொன்னார்.)

பொம்மைக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. சரியாக அமுக்கினால் ‘டிக்’ என்று உள்ளே ஒரு சத்தம். எனக்கு வரவே இல்லை. “குழந்தைக்குப் பவுடர் போடறியா? அமுக்கு!” என்றார் நர்ஸ். பத்தாவது தடவை வந்தது. இரண்டு நிமிடத்தில் ஜாக்கெட் நனைந்துவிட்டது. முப்பதுக்கு ஒரு தடவை வாயில் இரண்டு ஊது ஊதவும் சொல்லித் தந்தார். அது தயக்கமாக இருந்தால், அமுக்குவதை மட்டும் விடாமல் செய்தாலே போதுமாம்.

ஒரு சிக்கல். எண்ணும்போது பத்து வரை வேகம் சரியாக இருக்கிறது. “இருபத்தி மூணு, இருபத்தி நாலு” என்று வந்ததும் நாக்கோடு சேர்ந்து கையும் மெதுவாகிவிடுகிறது. இங்கிலீஷில் எண்ணு என்கிறார். கன்னியம்மாவுக்கு எப்படிச் சொல்லித் தருவது? வழி கண்டுபிடித்தேன்: ஒன்றிலிருந்து பத்து, மூன்று தடவை. நர்ஸ் கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் நீளம். மனசு எண்ணிக்கையிலேயே.

ரேஷன் அரிசி மூட்டைச் சாக்கில் பழைய துணி அடைத்து, நடுவில் இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வைத்துத் தைத்தேன். அமுக்கினால் பாட்டில் நெளிந்து ‘டொக்’ என்கிறது. பொம்மைக்கு ஈடாகாது, ஆனாலும் சத்தம் வருகிறது.

வாலாஜாபாத் ரைஸ் மில்லில் லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் கூடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, “சாக்கு எதுக்கு? நான் கீறேன் இல்ல, அமுக்கு” என்றார்.

“ஓடுற நெஞ்ச அமுக்கக் கூடாது. எய்ந்திரு.”

“ஓடுதான்னு எப்டித் தெரியும் உனக்கு?”

“வாய் ஓடுது இல்ல.”

சிரித்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து அவரும் இருபது தடவை அமுக்கினார். லோடு ஏற்றிய கை. பாட்டில் போச்சு. இன்னொன்று வாங்க வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமர நிழலில் சாக்கை விரித்தேன். பதினோரு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வெற்றிலையோடு வேடிக்கை.

கன்னியம்மா: “ஐய, ஆம்பள நெஞ்சில போயி கைய வைக்கிறதா?”

“உன் வூட்டுக்காரரு வுழுந்தா வைப்பியா?”

“அந்தாளு வுழுந்தா காலால வைப்பேன்.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் மண்டி போட்டு அமுக்கத் தொடங்கியதும் அவளை மிஞ்ச ஆளில்லை. நாற்பது வருடம் மண் வெட்டிய தோள். முழங்கை மடங்கவே இல்லை.

வேலைப் பிரிவு:
அமுக்க: நான், கன்னியம்மா. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும். மூன்றாவதாக ஒரு ஆள் தேவை.
போன்: மஞ்சுளா. சின்ன வயசு, ஓடிப்போய்க் கரைமேல் ஏறுவாள்.
தார் ரோட்டில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட: ராணி. போன தடவை ஆட்டோ வழி தெரியாமல் பக்கத்து ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

சாக்கைச் சுருட்டும்போது சேகரின் டிராக்டர் கரைமேல் போனது. முனியம்மாவின் மகன். வேகத்தைக் குறைத்தான். சாக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான்.

அவனிடம் சொல்லியாக வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

சொல்லவில்லை. காரணங்கள்: ஆடி ஒன்று. அவன் தெருவில் ஆட்கள். மழை மாதிரி இருந்தது. கேஸ் சிலிண்டர் வருகிற நாள்.

எல்லாம் பொய். பயம்.

ஜூலை 19, சனி

சொல்லிவிட்டேன்.

பம்ப்செட்டில் டிராக்டர் கழுவிக்கொண்டிருந்தான். வேறு யாருமில்லை. “வாக்கா” என்றான். நேராகச் சொன்னேன்: அன்றைக்கு உன் அம்மாவுக்கு வந்தது வலிப்பு இல்லை. நெஞ்சு நின்றுபோச்சு. அமுக்கியிருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. சாவியைக் கையில் வைத்து, இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“இத எதுக்கு இப்ப வந்து சொல்ற?”

“நீ தெரிஞ்சிக்கணும்னு.”

“தெரிஞ்சி இன்னா பண்றது நானு? விதின்னு நென்ச்சிக்கினு இருந்தேன். இப்ப ராவுல தூக்கம் வருமா எனக்கு?” பக்கெட்டை எட்டி உதைத்தான். “போயிடுக்கா. மூஞ்சிலயே முழிக்காத.”

வந்துவிட்டேன். ஆனால் சொன்னது சரி. சரிதானா? சரிதான்.

ஜூலை 23, புதன்

ஆடிக் காற்று. வேப்பம்பழம் உதிர்ந்து சாக்கெல்லாம் பிசுபிசுப்பு. மகள் பிரின்சிக்கு ஸ்கூல் ஷூ வாங்க வேண்டும்.

இன்று பயிற்சி நடுவில் சேகர் வந்தான். என்னோடு பேசவில்லை. கன்னியம்மாவைக் கையால் விலக்கிவிட்டு மண்டி போட்டான். நான் கையைப் பிடித்து இடத்தில் வைத்தேன். தட்டிவிடவில்லை. அமுக்கத் தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. இரண்டு நிமிடம், நான்கு நிமிடம். தையல் விட்டுத் துணி வெளியே வந்தது. கன்னியம்மா, “போதும்டா. அது சாக்குடா” என்றாள்.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். “வேகம் சரியா?” என்று மட்டும் கேட்டான்.

“கொஞ்சம் அதிகம். நெஞ்சு மேல வர நேரம் குடு.”

தலையாட்டினான். மூன்றாவது ஆள் கிடைத்தாயிற்று.

ஜூலை 30, புதன்

எழுத்து கோணலாக வருகிறது. வரிசையாக எழுதிவிட வேண்டும்.

10.40 இருக்கும். மேல்தெரு நிலக்காரர் கோவிந்தசாமி நைனாவின் மோட்டார் கொட்டகை எங்கள் வேலை இடத்திலிருந்து இரண்டு கழனி தள்ளி. அங்கே வேலை செய்யும் பழனி கத்திக்கொண்டு ஓடி வந்தார்: “நைனா வுழுந்துட்டாரு! பேச்சு மூச்சில்ல!”

ஓடினோம். கயிற்றுக் கட்டிலில் போட்டிருந்தார்கள். நைனாவின் தம்பி ஏழுமலை தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் சோடா ஊற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளைத் தட்டினேன். “நைனா! நைனா!” அசைவில்லை. வாய் திறந்தது. அதே சத்தம். முனியம்மாவின் சத்தம்.

ஒரு நொடி கை முந்தியில் இருந்த சாவிக்குப் போனது. நிஜம்.

“மஞ்சுளா, 108! ராணி, ரோட்டுக்கு!” என் குரல்தான். யார் குரலோ மாதிரி இருந்தது. “கீழ எறக்குங்க அவர.”

ஏழுமலை: “ஏய், யாரு மேல கைய வைக்கிற நீ? தள்ளு! காரு வருது, இட்டுக்கினு போறோம்.”

“காரு வர வரைக்கும் தாங்காது. நெஞ்சு நின்னுபோச்சி.”

“நீ இன்னா டாக்டரா?”

அதற்குள் சேகர் வந்துவிட்டான். பக்கத்துக் கழனியில் உழுதுகொண்டிருந்தவன். ஏழுமலையின் முன்னால் போய் நின்றான். “எங்கம்மா இதே மாரிதான் போச்சி. எல்லாரும் பாத்துக்கினு நின்னாங்க. கைய எடுங்க.” பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவனும் பழனியும் நைனாவைத் தூக்கித் தரையில் கிடத்தினார்கள்.

சட்டைப் பொத்தானைப் பிய்த்தேன். கை வைத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழோ எட்டோ அமுக்கும்போது உள்ளே ‘களுக்’. எலும்பு. கை தானாக நின்றது. “எலும்பு முறிஞ்சாலும் நிறுத்தக் கூடாது” என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. மறுபடி ஒண்ணு.

நான், சேகர், கன்னியம்மா. மறுபடி நான். மஞ்சுளா கரைமேல் நின்று போனில் வருவதை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “நிறுத்த வேணாமாம்! வண்டி கெளம்பிடுச்சாம்!” யாரோ பின்னால், “போன உசுர எதுக்குப் போட்டு இடிக்கிறாங்க” என்றார்கள்.

நைனாவின் மனைவி சரோஜாம்மா வீட்டிலிருந்து வெறும் காலோடு ஓடி வந்தார். கதவருகே நின்றார். கத்தவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். கை தளர்ந்துவிட்டது போலிருக்கிறது.

“நிறுத்தாதடி எஸ்தரு” என்றார். அவ்வளவுதான்.

நிறுத்தவில்லை. பதினேழு நிமிடம் என்று பிறகு மஞ்சுளா சொன்னாள். ராணி முன்னால் ஓடி வர, ஆம்புலன்ஸ் நேராக வரப்பு வரை வந்தது. நெஞ்சில் இரண்டு பட்டை ஒட்டி, எல்லோரையும் விலகச் சொல்லி, ஒரு ஷாக். மறுபடி அமுக்கினார்கள். இன்னொரு ஷாக். வண்டியில் வந்த தம்பி கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “துடிப்பு இருக்கு” என்றார்.

ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு மதிய போட்டோ ஆப்பில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினேன். 36 பேர்.

ஜூலை 31, வியாழன்

இரண்டு மணிக்கட்டும் வீக்கம். தோசைக் கல்லைத் தூக்க முடியவில்லை. பிரின்சி ஊற்றித் தந்தாள்.

சேகர் வந்து வாசற்படியில் குந்தினான். டீ குடித்தான்.

“எங்கம்மாவுக்கும் இதான் பண்ணியிருக்கணுமா?”

“ஆமா.”

டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். “சரிக்கா” என்றான். போகும்போது வாசலில் கிடந்த சாக்கை எடுத்துக்கொண்டு போனான். கெட்டி நூலால் தைத்து வைக்கிறேன் என்றான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நைனா கண் திறந்துவிட்டாராம்! பழனி சொன்னார். முதல் பேச்சு: “மோட்டார நிறுத்தினீங்களா?” வேலை இடமே சிரித்தது. கன்னியம்மா ஆடிவெள்ளிக் கூழ் இரண்டு சொம்பு குடித்தாள். நானும் குடித்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேயே நைனா போய்விட்டார். திரும்பவும் நெஞ்சு நின்றதாம். அங்கேயும் எவ்வளவோ பார்த்தார்களாம்.

கோயிலுக்குப் போகவில்லை. மேல்தெருவுக்குப் போனேன். நாங்கள் எப்போதும் நிற்கிற இடத்தில், தெரு முனையில் நின்றேன். டீக்கடைப் பக்கம் ஏழுமலை யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது: “நல்லா இருந்த மனுசன். எலும்ப ஒடச்சிட்டா அந்தப் பொம்பள. அதான் தாங்கல.”

பாடை எடுக்கும் வரை நின்றேன். சரோஜாம்மா யாரையும் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் “நீ ஒண்ணும் தப்பு பண்ணல” என்றார். தெரியும். தெரிந்தாலும் அந்த ‘களுக்’ கையை விட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பயிற்சிக்கு நாலு பேர். கன்னியம்மா வரவில்லை. தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கேட்டதற்கு, “போலீசு கேசுன்னு பேசிக்கிறாங்கடி. எனக்குப் பேஜாரு வேணாம்” என்றாள்.

நர்ஸுக்குப் போன் செய்தேன். ஊசி போடும் வேலையை முடித்துவிட்டு ஸ்கூட்டியில் நேராகக் கால்வாய்க்கே வந்துவிட்டார். முப்பத்தாறு பேரையும் உட்கார வைத்து நின்றபடியே பேசினார்.

“எலும்பு உடையும். நான் அமுக்குனாலும் உடையும், டாக்டர் அமுக்குனாலும் உடையும். உடைஞ்ச எலும்பு ஒட்டும். நின்ன நெஞ்சு தானா ஓடாது. அவரு அன்னைக்கே கட்டில்ல போயிருக்க வேண்டியவரு. இவங்க மூணு பேரும் ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரோட அனுப்பினாங்க. உதவிக்கு வந்தவங்க மேல கேஸ் போடறதுக்கா சட்டம் இருக்கு? யாராவது கேட்டா என்கிட்ட வரச் சொல்லுங்க.”

கன்னியம்மா எச்சில் கையோடு எழுந்து வந்தாள். கை கழுவினாள். சாக்குக்கு முன்னால் மண்டி போட்டாள்.

புதன்தோறும் மதியம் பயிற்சி. யார் வந்தாலும், வராவிட்டாலும். இது தீர்மானம்.

ஆகஸ்ட் 20, புதன்

விடியற்காலை ஒரு மழை. கால்வாயில் கணுக்கால் தண்ணீர். மண் கனம். வந்தவர்கள் 41.

மதியம் பயிற்சி தொடங்கும்போது மஞ்சுளா என் கையைக் கிள்ளினாள். கரைமேல் சரோஜாம்மா. வெறும் நெற்றி. கூட யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் காரியம் முடிந்தது. இந்தப் பக்கம் அவர் இறங்கி வந்து நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

நேராக என்னிடம் வந்தார்.

“அவர குளிப்பாட்டும்போது பாத்தேன். நெஞ்சில இங்க, கன்னிப்போயி கருப்பா கெடந்துச்சி. எங்க வூட்டு ஆளுங்க காட்டிக் காட்டிப் பேசினாங்க.”

நான்: “ம்மா...”

“சொல்றத கேளு. ரெண்டு நாளு பேசினாருடி. பெரிய பொண்ணு பெங்களூர்லருந்து வந்து கையப் புடிச்சிக்கினு குந்திக்கினு இருந்தா. எங்கிட்ட, ‘சாப்டியா’ன்னு கேட்டாரு. நாப்பத்திரண்டு வருசத்துல ஒரு நாளு கேட்டதில்ல.” மூச்சு வாங்கினார். “அந்தக் கருப்ப பாத்தப்ப, இது எஸ்தரு கைன்னு நென்ச்சிக்கினேன். தொடச்சிட்டு, சந்தனம் வச்சேன் அது மேல.”

கன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேகர் கரைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“குந்துங்கம்மா” என்றேன்.

குந்தவில்லை. சாக்கைப் பார்த்தார். “இதா அது?” என்று கேட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, ஈரத் தரையில் மண்டி போட்டார். நான் அவர் கையைப் பிடித்து இடத்தில் வைத்தேன். மேல் கையையும் வைத்தேன். வளையல் இல்லாத கை. லேசாக அமுக்கினார். சத்தம் வரவில்லை.

“இன்னும் அமுக்கணும்மா.”

“நோவாதா அவங்களுக்கு?”

“நோவும்மா. அமுக்குங்க.”